வெள்ளிக்கிழமைத் தெம்பு

– கம்பிய விடுலே சோலைராஜ். கை பூரா கொப்புளம். வாரம் ஏழு நாளும் இழுத்துக்கிட்டே இருந்தா தோள்பட்டை கழண்டு போகும்.

– அப்ப நீங்களே நாள் பிரிச்சுக் குடுங்க மாஸ்டர். வெள்ளிக்கிழமை உச்சிக்கு எனக்குக் கையில முழுத் தெம்பு இருக்கணும். மத்த நாள் எப்படிப் போனாலும் சரி.

– இந்த சபியுல்லா கோவில்பட்டியில ஜிம் வச்சதுல இருந்து எவனெவனோ வந்துட்டான். கல்யாணத்துக்கு நெஞ்சு வேணும்பான், போலீஸ் செலக்‌ஷனுக்குக் கயிறு ஏறணும்பான். கிழமை சொல்லித் தெம்பு கேட்ட மொத ஆளு நீதான். சரி, பாத்துக்கோ. திங்கள் நெஞ்சு. பென்ச் பிரஸ், தண்டால். செவ்வா முதுகும் கையும். புல்-அப், ரோயிங். கனமா இழுக்குறது அன்னைக்கு மட்டுந்தான். புதன் தோளு, அதுவும் லேசா. வியாழன், அதாவது இன்னைக்கு, ஒண்ணும் கிடையாது.

– சும்மாவா இருக்கணும்?

– ஓய்வுலதான் சதை வளரும், பாத்துக்கோ. இங்கன நாம செய்யுறது அதைக் கிழிக்குற வேலை. படுத்துக் கிடக்கையிலதான் தெம்பு கூடுது.

– படுத்துக் கிடந்தாலே கூடுமா மாஸ்டர்?

– ஏம்ல முகம் இப்படிப் போகுது?

– அவன் ஆறு நாளும் அசையாமத்தானே கிடக்கான்.

– எவன்?

– எங்க அண்ணன் சக்திகுமார். பசுவந்தனைக் காட்டுக் கிணத்துல தூர் வார இறங்குனான், இடுப்புல கயிறு கட்டி. கரிச மண்ணு சரிஞ்சு மூடிட்டு. மிஷின் வச்சுத் தோண்டத் தோண்ட இன்னும் சரிஞ்சுது. ஆளை எடுக்க முடியல. கிணத்தையே மண்ணைத் தள்ளித் தூத்துட்டாவ.

– யா அல்லா. கேள்விப்பட்டேன் தம்பி. உங்க வீடுதானா அது?

– எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கிணத்துக்குள்ள போனவன் கயித்தை வெளிய வைக்கக் கூடாது, அவனோடயே போட்டுத் தூத்துறணும். அம்மா விடல. மேல கிடந்த நுனிய மார்ல அணைச்சுக்கிட்டு அழுதா. எனக்கும் மனசு வரல. கிணத்து மேட்டு வேப்பமரத்துல கட்டி வச்சோம்.

– அதுக்கும் நீ புல்-அப் எடுக்கதுக்கும் என்னலே?

– அவன் போனது வெள்ளிக்கிழமை உச்சியில. வாரா வாரம் அந்நேரத்துக்குக் கயிறு விறைக்குது. மண்ணுக்குள்ள இறங்குது.

– கரிசல் தம்பி. வெயிலுக்கு வெடிக்கும், ஈரத்துக்கு உப்பும். கயித்தை இழுக்கத்தான் செய்யும்.

– மண்ணு மூச்சு வாங்கிட்டு, பிடிய மாத்தி, திரும்ப இழுக்குமா? நீங்க ரோயிங் சொல்லிக் குடுத்தீங்கல்லா, அதே மாதிரி. நான் எதுத்து இழுக்கேன். மொதல்ல நான்தான் செயிச்சேன். இப்ப வாரத்துக்கு வாரம் அவன் தெம்பு கூடுது. போன வெள்ளி கைய வழுக்கிக்கிட்டே போயிட்டு. பயமா இருக்கு மாஸ்டர்.

– அறுத்து விட்டுற வேண்டியதுதானலே?

– அருவாளை எடுத்தா அம்மா கழுத்தைக் காட்டுதா. கயிறு அசையுற வரைக்கும் அவ புள்ள உசுரோட இருக்கானாம்.

– சரி, மரத்துல கட்டியிருக்குல்லா? வேம்பையா அவன் பிடுங்கிருவான்? நீ எதுக்குக் கைய ரணமாக்குத?

– மரத்துல இருந்து அம்மா அவுத்துட்டா. "எம்புள்ள இழுக்கையில மரக்கட்டையா பிடிக்கும்"னு கேக்கா.

– நீ தனியாப் பிடிக்க வேண்டாம்லே. ஒரு ஜும்மா தவறுனா அல்லா மன்னிப்பான். நாளைக்கு உச்சிக்கு முன்னால நானும் வாரேன், ரெண்டு பேரும் சேந்து இழுப்போம். அந்த நுனி இப்ப எங்கன கட்டியிருக்கு?

– அம்மா இடுப்புல. போன வாரம் முழங்கால் வரைக்கும் மண்ணுக்குள்ள போயிட்டா மாஸ்டர். சிரிச்சுக்கிட்டே போனா.