டப்பாக் கறி

– அந்த டப்பாவ எத்தன வாட்டிதான் தொடைப்ப, தேவயானி? தேஞ்சிடப் போவுது.

– என் புருசன் எனக்கு அனுப்புனது அத்தே. தொடைப்பேன், தலமாட்டுல வெச்சிக்கினு தூங்குவேன். உங்களுக்கு இன்னா?

– எனக்கின்னா! பட்டாளத்துல போடற கறி. என்னிக்கி வெட்டுன ஆடோ, எவன் கண்டான்?

– ரெண்டு வருசம் கெடாதாம். அவரு பட்டாளத்துலேர்ந்து லீவுல வந்த பூபாலன் அண்ணன் ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டுல எங்கையில குடுக்கறப்பவே சொன்னாரு.

– கெடாத கறிய இந்த மங்கம்மா பண்ணலியா? அடுப்புக்கு மேல கவுறு கட்டி, பொகையில காயவெச்சி, உப்புக்கண்டம் போட்டுக் குடுத்தேனே! போன தடவ ஒரு பை நெறய எடுத்துக்கினு போனான் எம்புள்ள ராஜ்குமாரு.

– எடுத்துக்கினு போனாரு. திரும்பி வந்தது டப்பா. அதுவும் எனக்கு.

– ஆமாண்டி ஆமா. பெத்தவளுக்கு ஒண்ணும் வர்ல.

– பொறாமையா அத்தே?

– பொறாமதான். வயிறு எரியுது. சொல்றதுக்கு இன்னா வெக்கம்? இருவது வருசம் எங்கையால தின்னவன்.

– எனக்கு மட்டும் எரியலியா? லடாக்குலேர்ந்து போன் போட்டா மொதக் கேள்வி, ‘அம்மா சாப்டுச்சா?’ அடுத்தது, ‘அம்மாக்கு முட்டிவலி எப்டி கீது?’ என்ன விசாரிக்கறதுக்குள்ள டவர் பூடுது. இந்த மலையில அஞ்சி நிமிசம் டவர் கெடைக்கறதே பெருசு. அந்த அஞ்சையும் நீங்களே எடுத்துக்கறீங்க. இந்த ஒரு டப்பாவாவது எனக்குன்னு இருக்கட்டுமே!

– சரி, இருக்கட்டும். ஒடைச்சா எனக்கு ஒரு துண்டு குடுப்பியா?

– ஒடைக்கவே மாட்டேன். அடியில என் பேர எழுதிக்கீறாரு. அவரு கைப்பட.

– எங்க, காட்டு.

– கைநாட்டு வெக்கறவங்களுக்கு எழுத்தக் காட்டி இன்னா ஆவப்போவுது?

– எம்புள்ள எழுதுனதாச்சே. தடவியாவது பாக்கறேன், குடுடி.

– இந்தாங்க. கீழ போட்டுடாதீங்க.

– இரு, வெளிச்சத்துல வெச்சிப் பாக்கறேன்.

– இன்னா அத்தே, ஒவ்வொரு எழுத்தா வெரல வெச்சிக்கினு போறீங்க? தலகீழா புடிச்சிக்கினு கீறீங்களா?

– நேராத்தான் புடிச்சிக்கீறேன். கைநாட்டெல்லாம் போன தையோட சரி, தேவயானி. நூறு நாள் வேலையில அந்த நதியாப் பொண்ணு எம் பேர எழுதக் கத்துக்குடுத்தா. குச்சியால மண்ணுல எழுதி எழுதி வெரலு மரத்துப் போச்சி. மங்கம்மாள். மொதல்ல ஒரு ‘ம’, நடுவுல ஒண்ணு, அதுக்குப் பக்கத்துலயே இன்னொண்ணு. வேற பேரு ஒண்ணும் எனக்குப் படிக்கத் தெரியாது.

– அத்தே...

– உம் பேருல எத்தன ‘ம’டி வரும்?