காஞ்சிடுச்சா?

— லைட்டப் போடாதக்கா. இருட்டுலன்னாத்தான் சொல்லுவேன்.

— காலைல எனக்கு ஃப்ளைட்டுடி வாலு. இன்னும் பெட்டியே மூடல. என்ன, என் ஹெட்ஃபோனச் சுட்டுட்டியா?

— இல்ல. கால்.

— காலுக்கு என்ன? சாயங்காலம்கூட புண்ணு காஞ்சிடுச்சுன்னியே?

— காயல. பஞ்ச வச்சு அடச்சு, மேல சாக்ஸப் போட்டுக்கிட்டுச் சொன்னேன்.

— எப்பலேருந்து?

— நீ பரண்லேருந்து பெட்டிய எறக்கி தூசி தட்டுனியே, அன்னைலேருந்து.

— அது போன மாசம்டி!

— கத்தாத. அம்மா முழிச்சுக்குவாங்க.

— டாக்டர் அவ்ளோ படிச்சுப் படிச்சு சொன்னாரு. ஒரு காதுல வாங்கி இன்னொரு காதுல விட்டியா?

— எல்லாம் ஞாபகம் இருக்கு. தண்ணி பாட்டிலக் கழுவாம வச்சா உள்ள வழவழன்னு ஒட்டிக்குமே, அது மாதிரி கிருமியெல்லாம் ஒண்ணு சேந்து, ஒடஞ்ச எலும்ப சேக்க உள்ள வச்ச தகடு மேல பிசின் கட்டிக்கிட்டு, அதுக்குள்ளயே குடித்தனம் பண்ணுதாம். வாடகைகூட குடுக்காம. மாத்திரை வெளிய சுத்துறதத்தான் கொல்லுமாம். அதான் ஆறுற மாதிரி ஆறி, திரும்பத் திரும்ப வருதாம்.

— அடுத்த வாட்டி கசிஞ்சா அன்னைக்கே வரச் சொன்னாருல்ல? தகட்ட எடுத்துச் சுத்தம் பண்ணணும், விட்டா எலும்புக்குள்ள எறங்கிடும்னாரே?

— சொன்னாரு. மொத வாட்டி கசிஞ்சப்ப நீ டிக்கெட்ட கேன்சல் பண்ண. ரெண்டாவது வாட்டி ஆபீசுக்காரங்ககிட்ட போன்ல கெஞ்சின, நான் பாத்ரூம்லேருந்து கேட்டேன். இப்பவும் வரலன்னா வேற ஆளப் பாத்துக்குறோம்னுட்டாங்கல்ல?

— அதுக்காக வாய மூடிக்கிட்டு இருப்பியா, லூசு?

— ஸ்கூட்டர நீதான் சறுக்க விட்டன்னு, அன்னைலேருந்து எனக்கு வேலைக்காரி மாதிரியே திரியிற. எனக்கே ஒரு மாதிரி இருக்குக்கா. நீ போய்ச் சேந்ததும் அம்மாகிட்ட சொல்லிக்கலாம்னு இருந்தேன். ஆனா இன்னைக்கு குளுருது. முட்டிக்குக் கீழ யாரோ உள்ளேருந்து இடிக்கிறாங்க. கால எடுத்துடுவாங்களாக்கா?

— இங்க வா. நெத்தியக் காட்டு... ஐயோ, கொதிக்குதேடி.

— சாரிக்கா. உன் சென்ட்டையும் தீத்துட்டேன். நாத்தம் உனக்குத் தெரிஞ்சிடக் கூடாதுன்னு...

— எந்திரி. என் தோள்ல கை போடு. அம்மாவ எழுப்பி இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போறோம்.

— அப்ப உன் ஃப்ளைட்டு?

— நடடி.

— திட்டிடுக்கா. நீ திட்டாம இருந்தாத்தான் பயமா இருக்கு. ஏன் அழுற? பொய் சொன்னது நான்தானே?

— ஒரே கட்டில்ல படுக்குறோம். சென்ட்டையும் தாண்டி ஒரு வாடை வந்துச்சு. அது என்னன்னு எனக்குத் தெரியாதா?

— தெரியுமா? அப்ப ஏன்க்கா கேக்கல?

— கேட்டேனே. தெனமும் கேட்டேன், காஞ்சிடுச்சா, காஞ்சிடுச்சான்னு. ஒரு நாளாவது காட்டுன்னு கேட்டேனா?