ஐந்தாவது ஆள்

எனக்குப் படுத்தவுடன் தூக்கம் வந்துவிடும். பக்கத்து வீட்டு விலாட்ஸுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கப்பலில் எஞ்சின் பார்த்தவர். அந்தச் சத்தம் நின்ற நாளிலிருந்து கண் மூடவில்லை என்பார். அதற்குத்தான் அவருடைய மருத்துவர் புதிய தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்தார். இதயத்துக்கான மாத்திரை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

நீங்கள் காவல்துறை, என் வேலை உங்களுக்குப் புரிந்திருக்க நியாயமில்லை. டென்மார்க்கில் யார் எந்தக் கடையில் மருந்து வாங்கினாலும் தேசியப் பதிவேட்டில் ஏறிவிடும். எங்களுக்குப் பெயர் தெரியாது, ஒரு மறைகுறி எண்தான். அந்த எண்களை இறப்புப் பதிவுகளோடு பொருத்தி, எது உயிரை எடுக்கிறது என்று சொல்வோம். உயிர் காக்கும் வேலை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

அந்த இரண்டு மாத்திரைகளையும் சேர்த்து எடுத்தவர்கள் நாட்டில் மிகச் சிலர். அவர்களில் நான்கு பேருக்கு இதயம் திடீரென்று நின்றிருந்தது. ஐந்துக்குக் குறைந்த எண்ணிக்கை எங்கள் கணினியை விட்டு வெளியே போகக் கூடாது. சின்ன நாடு, யாரென்று ஊர் கண்டுபிடித்துவிடும். நல்ல விதி, நான் அதை மதிக்கிறேன்.

எங்கள் தலைவி சோல்வையிடம் சொன்னேன்.

"நாலு பேரா? நாலு பேர் சேர்ந்தா சீட்டாடலாம் டோர்கில், மருந்தை நிறுத்த முடியாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

சந்தேகம் என்று மருந்துத் துறைக்கு ஒரு வரி எழுதியிருக்கலாமே என்கிறீர்கள். எழுதலாம். எந்தக் கிராமத்து மருத்துவரும் எழுதலாம். கையில் எண் இல்லாதவர்கள் செய்கிற காரியம் அது. நான் காத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை விலாட்ஸ் வேலிக்கு அந்தப் பக்கம் ஆப்பிள் கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தார். என்னை எப்போதும் ஊசி போடாத டாக்டர் என்றுதான் கேலி செய்வார்.

"ஏம்ப்பா ஊசி போடாத டாக்டரு, அந்தத் தூக்க மாத்திரை போட்டா நெஞ்சுக்குள்ள மீன் துள்ளுது. டப்பா தீந்துச்சு, விட்டுட்டேன். ராத்திரி பூரா உன் குறட்டையக் கேட்டுக்கிட்டுக் கெடக்கறேன், அதுவும் நல்லாத்தான் இருக்கு."

எங்கள் கணக்கில் ஒரு வழக்கம் உண்டு. ஒருமுறை வாங்கியவரை நாங்கள் சேர்ப்பதில்லை. வாங்கிப் போய் அலமாரியில் போட்டிருக்கலாம். இரண்டாம் முறையும் வாங்கினால்தான் தொடர்ந்து எடுப்பவர். விலாட்ஸ் விட்டுவிட்டால் அவர் எங்கள் எண்ணிக்கை எதிலும் இல்லை.

பாதியில் நிறுத்துவதுதான் ஆபத்து என்றேன். உடம்பு பழகிக்கொள்ளும் என்றேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீயே சொல்றியா?"

"நான்தான் சொல்றேன்."

"அப்ப சரி. உனக்குத் தெரியாததா."

அவருடைய மஞ்சள் மருத்துவ அட்டையை வாங்கிக்கொண்டு கடைக்கு நானே போனேன். கடைப் பெண் உங்களிடம் சொன்னது உண்மை. டப்பாவைக் கொடுத்தேன், அன்றிலிருந்து மாலைதோறும் போட்டீர்களா என்று வேலியோரம் கேட்டேன். போட்டேன் என்று சொல்லிவிட்டு நாக்கை நீட்டிக் காட்டுவார், குழந்தைபோல. அடுத்த வாரம் சமையலறைத் தரையில் கிடந்தார். வானொலி பாடிக்கொண்டிருந்தது.

பதிவேடு புதுப்பிக்கப்பட்டதும் நான்கு ஐந்தானது, என் அட்டவணை வெளியே போனது. சோல்வை அதை இரண்டு முறை படித்தார், சீட்டு பற்றிப் பேசவில்லை. இன்று நாடு முழுக்க அந்த இரண்டையும் ஒன்றாக எழுதித் தர மருத்துவர்கள் அஞ்சுகிறார்கள். எத்தனையோ பேர் இன்று காலை எழுந்து ரொட்டியில் வெண்ணெய் தடவியிருப்பார்கள். அவர்களை இங்கே அழைத்து வந்து என் எதிரில் உட்கார வையுங்கள்; வருத்தப்படச் சொல்லி என்னிடம் பிறகு கேளுங்கள்.

மாத்திரையை நான்தான் வாங்கினேன். அது என்ன செய்யும் என்று தெரிந்தே அவரைப் போட வைத்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஆய்வில் இருக்கும் ஒருவரை யாரென்று அடையாளம் காண முயன்றேன் என்று இரண்டாவதாக ஒரு குற்றம் எழுதியிருக்கிறீர்களே, அதை அடித்துவிடுங்கள். அந்த ஐந்து எண்களில் விலாட்ஸ் எது என்று நான் ஒருபோதும் தேடிப் பார்த்ததில்லை. ஒரு மனிதரின் அந்தரங்கத்தில் நான் கை வைக்க மாட்டேன்.