கல்லில் இருக்கும் ராமலிங்கம்

ஓடுகிறோம். காலை ஐந்து இருபது. முதல் குண்டு மேட்டுக்கு அந்தப் பக்கம் விழுகிறது. இரண்டாவது கிட்டே. பதுங்குகுழிக்கு இன்னும் பத்தடி. நான் குதித்துவிட்டேன். வேலு குதிக்கவில்லை. நழுவி விழுந்த தண்ணீர்க் குடுவையை எடுக்கக் குனிகிறான். முதுகு என் பக்கம். அவனுக்குப் பக்கத்தில் இயந்திரத் துப்பாக்கி விடாமல் அடிக்கிறது. மூன்றாவது குண்டின் சீழ்க்கை எனக்குக் கேட்கிறது. அவனுக்குக் கேட்கவில்லை.

"ராமலிங்கம், படுடா! ராமலிங்கம்!"

அவன் திரும்பவில்லை. அது அவன் பெயர் இல்லை.

இந்தோசீனா. ஐம்பத்து மூன்று, மாசி மாதம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் நாங்கள் சொல்தாக்கள், சிப்பாய்கள். எனக்குப் புதுச்சேரிப் பக்கம் உழவர்கரை. வேலுவுக்கு மூலக்குளம். சேரும்போது அவனுக்குப் பதினேழு வயது. பட்டாளத்துக்குப் பதினெட்டு வேண்டும். அவன் அண்ணன் ராமலிங்கத்துக்கு இருபது. ஆலையில் வேலை, பட்டாளத்தில் ஆசையில்லை. மேரியில், அதாவது நகராட்சியில், கொடுத்த அண்ணனின் பிறப்புச் சான்றை எடுத்துக்கொண்டு வா என்று வேலுவிடம் சொன்னவன் நான். அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கொள்ளும் வீடு. பெயரையும் போட்டுக்கொண்டான். அண்ணனும் சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

கப்பலில் இருபது நாளும் அவனை ராமலிங்கம் என்றே கூப்பிட்டேன். வாய் தவறி வேலு என்று வந்துவிட்டால் அவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பயந்து பயந்து பழகினேன். என் வாய் பழகிவிட்டது. அவன் காது பழகவில்லை.

படு படு என்று எல்லோரும் கத்துகிற இடம் அது. தன் பெயர் கேட்டால்தான் ஒருவன் திரும்புவான். நான் அண்ணன் பெயரைக் கத்தினேன். இரண்டு முறை கத்தினேன்.

ஐந்து இருபத்திரண்டு. சத்தம் நின்றது. எனக்கு இடது காதில் இன்றுவரை நின்றே இருக்கிறது. குடுவை முழுசாகக் கிடந்தது. மூடிகூடத் திறக்கவில்லை. அவன் கிடந்த விதத்தை எழுத மாட்டேன்.

ஊருக்குக் கடிதம் போனது. ராமலிங்கம் மாண்டார் என்று மேரியில் பதிந்தார்கள். ராமலிங்கம் அண்ணன் அன்றைக்கும் ஆலைக்குப் போனார். வேலுவின் சாவை யாரும் எங்கேயும் பதியவில்லை. பதிவேட்டில் அவன் இன்றும் உயிரோடு இருக்கிறான்.

எண்பத்து இரண்டில் அந்தச் சண்டைக்குப் புதுச்சேரியில் ஒரு கல் வைத்தார்கள். மேலே மேட்டின் பெயர். கீழே அங்கே விழுந்த நம் ஊர்க்காரர்கள் பதினோரு பேர். அடியில் ஒரு தகர டப்பாவில் அந்த மேட்டு மண். கோட்டு, மெடல், மாலை, பேச்சு. ஒவ்வொரு பெயராக வாசிப்பார்கள். பழைய சொல்தாக்கள் சேர்ந்து, 'மோர் பூர் லா பிரான்ஸ்', பிரான்சுக்காக மாண்டார் என்று சொல்ல வேண்டும். அது முறை. ராமலிங்கம் என்று வாசித்தார்கள். நானும் சொன்னேன். வெட்கம்கெட்ட வாய். என் பக்கத்தில் ராமலிங்கம் அண்ணன் சலவைச் சட்டையோடு நின்று, தான் செத்ததைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுவாரம் இருவரும் கல்லை வைத்த அலுவலகத்துக்குப் போனோம். பெயரை மாற்றுங்கள் என்று கேட்டோம். அங்கிருந்தவர் நல்ல மனிதர்தான். நாற்காலி போட்டார், காப்பி வரவழைத்தார், பட்டியலை விரல் வைத்து எண்ணினார்.

"எண்ணிக்கை சரியா இருக்கு, மிசியே. செத்தவரே நேர்ல வந்து பேரை எடுன்னா, நாங்க எந்தக் காயிதத்த வச்சி எடுக்கறது?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவரை அறையலாம் போல இருந்தது. ஆனால் அந்தக் காகிதத்தை முதலில் பொய்யாக்கியவன் நான்.

திரும்பி வரும் பஸ்ஸில், இருபத்தொன்பது வருடம் யாரிடமும் சொல்லாததை அண்ணனிடம் சொன்னேன். அன்று என்ன பெயர் சொல்லிக் கத்தினேன் என்று சொன்னேன். மூலக்குளம் வரை அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்க எழுந்தபோது கேட்டார்.

"வேலுன்னு கூப்புட்டிருந்தா திரும்பியிருப்பானா?"

திரும்பியிருப்பான் என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல முடியவில்லை. அவர் இறங்கிப் போனார். அதற்குப் பிறகு இரண்டு வருடமாக என்னோடு பேசவில்லை. அந்தக் கல் பக்கமும் போகவில்லை. நான் வருடா வருடம் போகிறேன். ராமலிங்கம் என்று வாசிக்கும்போது மட்டும் வாயை மூடிக்கொள்கிறேன்.

எண்ணிச் சொல்லிவிடுகிறேன். அந்த மேட்டில் போனது என் ஒரு காது. ராமலிங்கம் அண்ணனுக்குத் தம்பி போனான். அவனோடு அவருடைய பெயரும் போனது. எனக்கு அவர் போனார். நம் ஊர்க்காரர்கள் பதினோரு பேர் போனார்கள். பத்துப் பேரின் பெயர் கல்லில் இருக்கிறது. பதினோராவது ஆள் வேலு. மூலக்குளம். பதினெட்டு முடியவில்லை.

அன்றைக்குக் கத்தியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

வேலு, படுடா.