ரெண்டு நிமிசத்துக்கு ஒரு லைட்டு

தம்பிதுரை: ...சித்த இரு முத்தாத்தா. அசையாத. சேரு அங்கயே இருக்கட்டும்.

முத்தாத்தாள்: நான் எங்கீங்க அசையறேன்? நீங்கதான் காலையிலிருந்து அந்தப் பொட்டியக் கொடஞ்சுக்கிட்டு... சன்னலெல்லாம் ஜமுக்காளத்தப் போட்டு மூடிப்போட்டீங்க. வேகுது.

தம்பிதுரை: வெளிய இருக்கற வெளிச்சம் உள்ள வந்தா செவுத்துல படம் உழுவாது.

முத்தாத்தாள்: நல்லாருக்குதுங்க! பட்டப்பகல்ல ஊட்ட இருட்டாக்கிப்போட்டு, அப்பறம் லைட்டு வாங்க உக்கடத்துப் பழைய சாமான் கடைக்கு ஓடறது. மில்லுல முப்பது வருசம் மோட்டாரு கட்டுன மனுசன்...

தம்பிதுரை: நீதான வைகாசியில சொன்ன? சக்கரை கண்ணுக்கு வந்துருச்சு, டிவியில நம்ம பையன் கட்டவெரலாட்டந்தான் தெரியறான், எச்சாப் பெருசா இருந்தாத் தேவலைன்னு.

முத்தாத்தாள்: சொன்னனுங்க. இல்லைங்கல.

தம்பிதுரை: அங்கப்பண்ணன் புள்ள கல்யாண கேசட்டுல ரெண்டே நிமிசம். அதுல மட்டுந்தான் மோகனு நடக்கறான், பேசறான். மத்ததெல்லாம் போட்டோ. மாலை போட்ட போட்டோ.

முத்தாத்தாள்: ...ம்.

தம்பிதுரை: அதுக்குத்தான் அவன் ஆசையா வாங்குன கையகல டிவியப் பிரிச்சேன். பொட்டிக்குள்ள அது, பின்னால லைட்டு, முன்னால லென்சு; செவுத்துல சினிமாவாட்டம் பெருசா உழுவும். எல்லாம் கூடி வந்துச்சு, லைட்டுத்தான் அமைய மாட்டேங்குது. ...காப்பி ஆறுது பாரு, பக்கத்துலதான் வெச்சிருக்கறேன்.

முத்தாத்தாள்: எந்தப் பக்கமுங்க?

தம்பிதுரை: அட, இருட்டுல... சோத்துக்கைப் பக்கம்.

முத்தாத்தாள்: மொதல்ல டியூப் லைட்டுப் போட்டீங்க...

தம்பிதுரை: அது ரூமு பூராத் தெறிச்சுது. செவுத்துக்கு ஒண்ணும் போவல.

முத்தாத்தாள்: அப்பறம் செவ்வாக்கெழம காரு லைட்டு. கன்னமெல்லாம் சுட்டுது.

தம்பிதுரை: வெளிச்சம் நல்லாத்தான் இருந்துச்சு. சூடு... சூடுதான் எச்சு. அந்தப் பழமைய உடு.

முத்தாத்தாள்: உட்டுட்டனுங்க.

தம்பிதுரை: இது அமீர் ஹம்சா கடையில தேடி எடுத்தது. மெர்க்குரி. மில்லு கேட்டுல எரியுமே, அதுதான். சோக்கு வெச்சாத்தான் எரியும். போட்டதும் மங்கலா வரும், அஞ்சு நிமிசம் போனா வெள்ளையாயிரும். நடுவுல அணைச்சுப்போட்டா ஆறுற வரைக்கும் மறுக்கா எரியாது.

முத்தாத்தாள்: கடைக்காரரு என்ன சொன்னாருங்க?

தம்பிதுரை: "அண்ணிக்குக் கண்ணு கூசும்ண்ணா, தள்ளி உக்கார வைங்க"ன்னாரு.

முத்தாத்தாள்: கூசட்டுமுங்க. கூசுனா நல்லதுதான்.

தம்பிதுரை: ...என்ன?

முத்தாத்தாள்: ஒண்ணுமில்லீங்க. போடுங்க.

தம்பிதுரை: போட்டாச்சே.

முத்தாத்தாள்: ஆமாமா, சோக்கு எரையுது.

தம்பிதுரை: கேசட்டு டெக்கையும் ஓட உடறேன். சத்தம் டேப் செட்டுல வரும். ...மேளம் கேக்குதா?

முத்தாத்தாள்: கேக்குதுங்க. எலை போட்டாச்சு. பந்தி உக்காருது.

தம்பிதுரை: இந்தா முத்தாத்தா, தெரியாட்டி தெரியலைன்னு சொல்லிப்போடு. எனக்கென்னமோ இதும் பத்தாதுன்னுதான் படுது. வேற லைட்டு பாத்துக்கலாம்.

முத்தாத்தாள்: அட, இருங்க! இன்னும் பாக்கவே உடல...

தம்பிதுரை: பச்சையா வேற அடிக்குது. தெரியாதுதான். அணைச்சுப்போடட்டா?

முத்தாத்தாள்: உஸ்ஸ்... அவன் கொரலு! "இன்னொரு கரண்டி ஊத்தட்டுங்களா மாமா"ங்கறான்... என்ற சாமி... வந்துட்டானுங்க! நீலச்சட்டை. கையில பாயாச வாளி. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு... பாருங்க, சிரிக்கறான். ஏனுங்க, நெம்பத் தெளிவா இருக்குது. இந்த லைட்டே போதும்.

தம்பிதுரை: தெ... தெரியுதா உனக்கு?

முத்தாத்தாள்: ஆளுயரத்துக்குத் தெரியறான்.

தம்பிதுரை: முத்தாத்தா.

முத்தாத்தாள்: பேசாதீங்க, அடுத்த எலைக்குப் போயிருவான்.

தம்பிதுரை: முத்தாத்தா... செவுத்துல நான் கட்டுன வெள்ள வேட்டிதான் இருக்குது. படமே இல்ல. அந்தக் காரு லைட்டு அவன் டிவிய உருக்கிப்போடுச்சு. செவ்வாக்கெழமையே. நாலு வெரக்கடை தள்ளி வெச்சிருந்தாத் தப்பிச்சிருக்கும். வெளிச்சம் எச்சா வரட்டும்னு ஒட்டி வெச்சுப்போட்டேன். எம்பையன் தொட்ட சாமானத்த நானே பொசுக்கிப்போட்டேன்... உன்றகிட்டச் சொல்ல வாய் வரல. நீ தெரியலைன்னு சொன்னா, லைட்டு மேல பழியப் போட்டு நாளத் தள்ளலாம்னு... பாவி நான்.

முத்தாத்தாள்: அழுவாதீங்க. எனக்குத் தெரியுமுங்க. பொசுங்குன வாசம் ஊட்டுக்குப் பின்னால பொடக்காலி வரைக்கும் வந்துச்சே.

தம்பிதுரை: தெரிஞ்சுமா நீலச்சட்டைங்கற?

முத்தாத்தாள்: அன்னைக்கு அவன் போட்டது நீலச்சட்டைதானுங்களே. நாந்தான தேச்சுக் குடுத்தேன். பாதியில அணைக்கறேன்னீங்க, அவன் கொரலு நின்னுருமேன்னு தெரியுதுன்னுட்டேன்.

தம்பிதுரை: முத்தாத்தா, இங்க திரும்பு... இது எத்தன வெரலு? சொல்லு... எத்தன வெரலு?

முத்தாத்தாள்: கைய எறக்குங்க. ஆடி நோம்பியோட எனக்குக் கண்ணுல வெளிச்சமே நின்னுபோச்சுங்க.

தம்பிதுரை: அட கெரகமே... ஆடியிலிருந்தா? ஏம்புள்ள சொல்லல? டியூப்பு, காரு லைட்டு, மெர்க்குரின்னு உன்னிய உக்கார வெச்சு உக்கார வெச்சுக் கேட்டனே!

முத்தாத்தாள்: சொல்லியிருந்தா அன்னைக்கே பொட்டிய மூடிப்போட்டிருப்பீங்க. அவன் போயி ஒரு வருசம்... அவன் பேரு உங்க வாயில வரவே இல்லீங்க. எழவன்னைக்கும் நீங்க அழுவல. லைட்டு மாத்த ஆரம்பிச்சப்பறந்தான் மோகனு நடக்கறான், மோகனு பேசறான்னு சொல்றீங்க. அதக் கேக்கறதுக்குத்தானுங்க நான் தெனமும் இந்தச் சேருல வந்து உக்காந்தேன். நாளைக்கு வேற லைட்டு வாங்கியாங்க... நான் தெரியலைன்னே சொல்லிப்போடறேன்.