இடது பக்கத்துக் கை

கைய இழுக்க முடியல. ரெண்டு கையையுமே.

இடது கைய ஒருத்தன் பிடிச்சிருக்கான். வலது கைய ஒருத்தன் பிடிச்சிருக்கான். நான் நடுவுல... குப்புறக் கிடக்கறேன். முதுகு மேல கான்கிரீட் கூரை. மூச்ச முழுசா இழுத்தா முதுகு போய் இடிக்குது. பாதி மூச்சுதான். டார்ச் எங்கயோ உருண்டு போச்சு. கும்மிருட்டு. அந்த இருட்டுல ரெண்டு பக்கத்துல இருந்தும் ஒரே குரல்.

"கொசு... வந்துட்டியா?"

எங்க அண்ணன் மட்டும்தான் என்னை கொசுன்னு கூப்பிடுவான். ரெண்டு பக்கமும் அவன்தான் கூப்பிட்டான்.

...லைட்ட போடாதடி. உங்கம்மா எழுந்து வந்துட்டா நான் சொல்ல மாட்டேன். ஏய் கண்ணாடி, நீ ஜன்னல் பக்கம் உட்காராத, இப்படி உள்ள தள்ளி வா. சிரிக்காதீங்க. இது யாரோ சித்தப்பாவுக்கு நடந்துச்சாம்ங்கற கதை இல்ல. எனக்கு நடந்தது. போன மாசம், புயலுக்கு மறுநாள். பட்டப்பகல்ல.

சரி, முதல்ல இருந்து சொல்றேன்.

எங்க அண்ணன் புயல் குழுல இருந்தது உங்களுக்குத் தெரியும்ல. நர்ஸ் அக்கா நடத்தற குழு. எச்சரிக்கை வந்த உடனே மெகாஃபோனத் தூக்கிக்கிட்டுத் தெருத்தெருவா போறது, வயசானவங்கள ஸ்கூல்ல கொண்டு வந்து சேர்க்கறது, ஓட்டைக் கூரைய கயித்தால இழுத்துக் கட்டிக் கொடுக்கறது. நீங்களே கிண்டல் பண்ணுவீங்களே, "உங்கண்ணன் அந்த மெகாஃபோனத்தான் கட்டிக்கப் போறான்"னு. அவன்தான். சாப்பாட்டுப் பொட்டலம் வந்தா எல்லாருக்கும் கொடுத்துட்டு, மிஞ்சினா சாப்பிடுவான். "நீ என்ன மனுஷனா, மரக்கட்டையா?"ன்னு அம்மா திட்டுவாங்க.

புயலுக்கு முன்னாடியே சாமான் எல்லாத்தையும் ஸ்கூலுக்கு அடுத்த தெருல ஒரு பழைய குடோன்ல அடுக்கியிருந்தாங்க. தார்ப்பாய், தண்ணி கேன், மெழுகுவர்த்தி, பால் பவுடர்... அப்புறம் ப்ளீச்சிங் பவுடர், மூட்டை மூட்டையா. வெள்ளம் வடிஞ்சா தெருவெல்லாம் தூவணும்ல.

புயல் அடிக்குது. ஸ்கூல் ரூம்ல ஒருத்தர் மேல ஒருத்தர் உட்கார்ந்திருக்கோம். கதவுக்கு முட்டுக் கொடுத்த பெஞ்செல்லாம் ஆடுது. கைக்குழந்தைங்க பசில கத்துதுங்க. கொண்டு வந்த பால் பவுடர் நனைஞ்சு களியாயிடுச்சு. அப்போ... காத்து நின்னுச்சு. சட்டுனு. சுத்தமா. ஒரு இலை அசையல.

"அப்பாடா, போயிடுச்சு"ன்னு ஆளாளுக்கு எழுந்தாங்க. நர்ஸ் அக்கா கதவுக்குக் குறுக்க நின்னுக்கிட்டு கத்தினாங்க. "உட்காருங்க எல்லாரும்! இது புயலோட கண்ணு. இப்போ எதிர்ப்பக்கத்துல இருந்து திரும்ப அடிக்கும்!"

அண்ணனுக்கு அது தெரியாதா? வீடு வீடா போய் அதச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான். ஆனா அந்தக் குழந்தைங்க அழுகை... அவனால உட்கார முடியல. "இதோ இருக்கு குடோன். ஓடிப் போய் ஓடி வந்துடறேன்க்கா." அக்கா கையத் தட்டிவிட்டுட்டுப் போயிட்டான். போகும்போது என்னைப் பார்த்துக் கண்ணடிச்சான்.

அவன் திரும்பி வர்றதுக்குள்ள காத்து வந்துடுச்சு.

குடோன் விழுந்த சத்தம் எங்களுக்குக் கேட்கவே இல்லடி. அவ்ளோ காத்து.

விடிஞ்சதும் இடுப்பளவு தண்ணில நடந்து போய்ப் பார்த்தோம். மேல் மாடி அப்படியே கீழ் மாடி மேல உட்கார்ந்திருக்கு. மூட்டையெல்லாம் கிழிஞ்சு, ப்ளீச்சிங் பவுடர் மழைல கரைஞ்சு... அந்த வாசனை. ஆஸ்பத்திரி பாத்ரூம் வாசனை. கண்ணு எரியுது, தொண்டை எரியுது. மோப்ப நாய் கொண்டு வந்தாங்க. அது தும்மித் தும்மி, வாலைச் சுருட்டிக்கிட்டுப் பின்னாடி போயிடுச்சு. அந்த நெடில அதுக்கு ஒண்ணும் புரியல.

அப்போ காதாலதான் தேடணும். அதுக்குக் குழுல ஒரு முறை இருக்கு. எல்லா இன்ஜினையும் நிறுத்திடுவாங்க. யாரும் பேசக் கூடாது, நடக்கக் கூடாது, இருமக் கூடாது. நர்ஸ் அக்கா கம்பியால கான்கிரீட்டத் தட்டுவாங்க. டக்... டக்... டக். தட்டிட்டுக் காத வெச்சுக் கேட்பாங்க. உள்ள உயிரோட இருக்கறவங்க திருப்பித் தட்டணும்.

அம்மா கைய வாயில திணிச்சுக்கிட்டு நின்னாங்க. அழுகைச் சத்தம் வந்துடக் கூடாதுன்னு.

டக்... டக்... டக்.

பதில் வந்துச்சு. இடது பக்கத்துல இருந்து. வேகமா, படபடன்னு. எல்லாரும் மூச்சு விட்டாங்க. அப்போ... வலது பக்கத்துல இருந்தும் வந்துச்சு. மெதுவா.

"எதிரொலி"ன்னு யாரோ சொன்னாங்க. நர்ஸ் அக்கா வலது பக்கத்தையே பார்த்துக்கிட்டு நின்னாங்க.

உள்ள போக, தண்ணி மட்டத்துக்கு மேல ஒரே ஒரு பொந்து. பெரியவங்க தோள் நுழையாது. நான் போறேன்னு சொன்னேன். அம்மா வேண்டாம்னு சொல்லல... என் முகத்தையும் பார்க்கல. என் கால்ல ஒரு கயிறு கட்டினாங்க, என்னைத் திருப்பி இழுக்க. கையில இன்னொரு கயிறு, முனைல பெரிய முடிச்சுப் போட்ட வளையம். அண்ணன் அத அக்குளுக்குக் கீழ மாட்டிக்கணும். "அவன் கையில கொடுத்துட்டு வந்துடு. வேற எதுலயும் கைய வைக்காத." நர்ஸ் அக்கா அவ்ளோதான் சொன்னாங்க.

ஊர்ந்தேன். உடைஞ்ச செங்கல், ஈர மூட்டை, எங்க தொட்டாலும் பவுடர் சேறு. முழங்கை தோல் உரிஞ்சு எரியுது. உள்ள போகப் போக வெளிச் சத்தம் தேஞ்சு தேஞ்சு... நின்னே போச்சு. என் மூச்சு மட்டும்தான். அப்போ மேல ஏதோ க்ர்ர்ர்ர்னுச்சு. ஏதோ மாடு உறுமற மாதிரி. மண்ணு கொட்டுச்சு. கூரை ஒரு விரல் அளவு இறங்கி என் முதுகு மேல உட்கார்ந்துச்சு.

அவ்ளோதான். முன்னாடியும் போக முடியல, பின்னாடியும் போக முடியல. கத்தலாம்னா, கத்தறதுக்கு மூச்சு இழுக்க இடமில்ல. கால ஆட்டினேன். பின்னாடி கயிறு இறுகுச்சு... இழுக்கறாங்க... இழுக்கறாங்க... நான் நகரல. இடுப்பு மாட்டிக்கிச்சு. ஒரு பெட்டில வெச்சு மூடி, அது மேல ஒருத்தர் ஏறி உட்கார்ந்த மாதிரி.

கைய முன்னாடி நீட்டித் தடவினேன். அப்போதான் ரெண்டு கை வந்து பிடிச்சுச்சு.

இடது பக்கக் கை சூடா இருந்துச்சு. நடுங்கிச்சு. "என்னை விட்டுட்டுப் போயிடாத கொசு. மூச்சு முட்டுது. கயித்தக் கொடு. எனக்குக் கொடு. சீக்கிரம்"னு அழுதான். எங்க அண்ணன் அழுது நான் பார்த்ததே இல்ல. வலது பக்கக் கை... நடுங்கல. சில்லுனு இருந்துச்சு. சும்மா, ரோடு தாண்டும்போது பிடிச்சுக்கற மாதிரி பிடிச்சிருந்துச்சு.

நான் யோசிக்கலடி. சத்தியமா யோசிக்கல. ஒருத்தன் அழறான்... கயித்த அந்தப் பக்கம் விட்டேன். வெடுக்குனு பிடுங்கிக்கிட்டான்.

அப்புறம்தான் வலது பக்கம் பேசுச்சு. மெதுவா.

"சரி கொசு. அவன முதல்ல எடுங்க. நான் இருக்கேன்."

ஒரு டப்பாவ என் கையில வெச்சு அழுத்திச்சு. "இத குழந்தைங்களுக்குக் கொடுத்துடு."

...இருங்கடி. ஒரு நிமிஷம்.

கார் ஜாக்கி வெச்சுக் கூரையத் தூக்கி, என் காலப் பிடிச்சு இழுத்து வெளிய போட்டாங்க. என் கையில பால் பவுடர் டப்பா. அப்புறம் பொந்த இடிச்சுப் பெருசாக்கி, கயித்த எல்லாரும் சேர்ந்து இழுத்து... அண்ணன் வந்தான். தலைல இருந்து கால் வரைக்கும் வெள்ளை. கண்ணு மட்டும் சிவப்பு. அம்மா அவனக் கட்டிப் பிடிச்சு அழுத அழுகைல, நான் கத்தினது யார் காதுலயும் விழல.

"இன்னொருத்தர் இருக்காங்க! வலது பக்கம்!"

நர்ஸ் அக்கா மட்டும் திரும்பினாங்க. மறுபடியும் எல்லாச் சத்தத்தையும் நிறுத்தச் சொல்லித் தட்டினாங்க. பதில் இல்ல. திரும்பத் தட்டினாங்க. இல்ல. அந்தப் பக்கம் கூரை மொத்தமா படுத்துக் கிடக்கு, கை வெச்சா மேல நிக்கறவங்களும் உள்ள போயிடுவாங்க. வேற யாரும் காணாமப் போகவும் இல்ல. "பயத்துல அப்படித்தாம்மா கேட்கும். உள்ள பூரா டப்பாதான், ஏதோ ஒண்ணு கையில சிக்கியிருக்கு"ன்னாங்க. நானும் நம்பிட்டேன். நம்பிட்டா நல்லா இருக்கும்னு இருந்துச்சு.

அண்ணன் நல்லாத்தான் இருக்கான். நெத்தில அதே தழும்பு. அதே குறட்டை. டாக்டரும் பார்த்துட்டு நல்லா இருக்கான்னுட்டார். குழுவுக்கு மட்டும் போறதில்ல. சாப்பாடு போட்டா முதல் தட்டு இப்போ அவனோடதுதான்... சிரிங்க, சிரிங்க. செத்துப் பொழச்சவன் நாலு வாய் சேர்த்துச் சாப்பிடறான், இதுல என்னடி பேய்னு கேட்பீங்க. நானும் அப்படித்தான் எனக்கே சொல்லிக்கிட்டேன். ஒரு நாள் விளையாட்டா கேட்டேன், "ஏன்டா, போயும் போயும் பால் பவுடருக்காடா உயிர விடப் பார்த்த?" அவன் என்னையே பார்த்தான். "எந்தப் பால் பவுடர்?"

அதிர்ச்சில மறந்திருக்கும்னு அம்மா சொன்னாங்க. இருக்கலாம். ஆனா என்னை கொசுன்னு கூப்பிட மட்டும் மறக்கல. எப்பப் பார்த்தாலும் கூப்பிடறான். கொசு தண்ணி. கொசு கதவு. ரூம்ல தனியா இருக்கும்போது கூட வாய்க்குள்ள, கொசு, கொசு, கொசுன்னு... பரீட்சைக்கு மனப்பாடம் பண்ற மாதிரி.

இப்போ அந்த இடத்துல புதுசா புயல் பாதுகாப்புக் கட்டடம் வருது. எல்லாருக்கும் நல்லதுதான். வெள்ளம் ஏறாம இருக்க இடத்த மேடாக்கணும்னு, இடிபாட்ட அள்ளவே இல்ல. அப்படியே நசுக்கி மட்டமாக்கி மேல மண்ணக் கொட்டிட்டாங்க. நாளைக்குக் காலைல கான்கிரீட் லாரி வருது.

இன்னிக்கு டியூஷன் விட்டு அந்தப் பக்கமா வந்தேன். நல்ல வெயில். வேலையாளுங்க சாப்பிடப் போயிருந்தாங்க. மண்டி போட்டு உட்கார்ந்து ஒரு கல்லால தட்டினேன். பதில் வராதுன்னு நிச்சயம் பண்ணிக்கத்தான். வரலன்னா அதோட விட்டுடலாம்னு.

காத வெச்சேன். மண்ணு சுட்டுச்சு.

டக்...

ரொம்பக் கீழ இருந்து. அப்புறம் அந்தக் குரல். அவசரமே இல்லாம.

"குழந்தைங்க குடிச்சாங்களா கொசு?"

...நான் அழல. அந்தத் தண்ணிய இப்படிக் கொடு.

எனக்கும் தெரியும் கண்ணாடி. ஒரு மாசம் ஆச்சு. அதுக்குள்ள யார் இருந்தாலும் உயிரோட இருக்க முடியாது. தோண்டினா என்ன கிடைக்கும்னு எனக்குத் தெரியும். நீ சொல்லாத.

வீட்டுக்கு ஓடினேன். அம்மா அவனுக்குச் சாப்பாடு போட்டுக்கிட்டு இருக்காங்க. பக்கத்துலயே உட்கார்ந்து, அவன் ஒவ்வொரு வாயும் சாப்பிடறதப் பார்த்துக்கிட்டு. அம்மா முகத்துல அப்படி ஒரு நிம்மதிய நான் பார்த்ததே இல்ல. கைகழுவிட்டு வந்து உட்கார்ந்தேன். அம்மா தண்ணி எடுக்க உள்ள போனாங்க. அவன் தட்டுல இருந்து தலையத் தூக்காம கேட்டான்.

"இன்னும் தட்டறானா?"

நான் அங்க போனத யார்கிட்டயும் சொல்லல. இப்போதான் உங்ககிட்ட சொல்றேன்.

"நாளைக்கு நானே முன்னாடி நின்னு கான்கிரீட் போட வெச்சுடறேன். நீ நிம்மதியா தூங்கு கொசு"ன்னு சொல்லிட்டு, தட்ட வழிச்சுச் சாப்பிட்டான்.

படிக்கணும்னு பொய் சொல்லிட்டு இங்க வந்துட்டேன்.

லாரிக்கு முன்னாடி படுத்தாவது நான் நிறுத்திடுவேன். நர்ஸ் அக்கா என் பேச்சக் கேட்டுத் தோண்டுவாங்க. தோண்டி... உள்ள அண்ணன் இருந்தா? அம்மாவுக்கு அதத் தூக்கிக் காட்டி, நீ சோறு போட்டது உன் புள்ள இல்லன்னு சொல்லணும். நிறுத்தலன்னா, அவன் மேல கான்கிரீட் விழும். என்கிட்ட ஒரு தடவ கூட அழாதவன், கயித்தக் கேட்காதவன்... அவன அங்கயே வெச்சு மூடிடுவாங்க.

இன்னும் கொஞ்ச நேரத்துல விடிஞ்சுடும். சொல்லுங்கடி. அம்மாவுக்கு எந்தப் புள்ளைய நான் விட்டு வைக்கட்டும்?