பார்க்கிங் திடலில் வீடு வரைந்தவருக்கு

நகரமைப்புப் பிரிவின் தலைமகளே, நேர்கோட்டின் நெடுநாள் தோழியே, நாற்புறம் நெருக்கினும் நகராத நடுநிலையே, வணக்கம்.

இன்னும் ஏழெட்டு அடைமொழிகள் கைவசம் இருந்தன. ஆனால் எந்தக் கோப்பில் 'மிகச் சிறப்பான' என்றோ 'தொலைநோக்கு மிக்க' என்றோ கண்டாலும் சிவப்பு மையால் அடித்துவிட்டு, எழுதியவரை அழைத்து, "இத எடுத்துட்டா கட்டடம் விழுந்துடுமா?" என்று கேட்கும் பழக்கம் தங்களுடையது. சட்டமிட்டு மாட்டப்போகும் மடலில் சிவப்புக் கோடு விழுந்தால் பார்க்க நன்றாயிராது. ஆகவே மூன்றோடு நிறுத்திக்கொள்கிறோம்.

முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் உதவி வரைவாளராக இவ்வலுவலகப் படியேறிய தாங்கள், இன்று நகரமைப்பு அலுவலராகப் படியிறங்குகிறீர்கள். இடைப்பட்ட காலத்தில் பரிந்துரையோடு வந்தவர்க்குப் பச்சைத் தண்ணீர் தந்து உட்கார வைத்தீர்கள். பரிதவிப்போடு வந்தவர்க்குப் பதில் தந்து அனுப்பி வைத்தீர்கள். தாங்கள் ஒப்புதல் தந்த சுவர் எதுவும் அடுத்த வீட்டு ஜன்னலை அடைத்ததில்லை. தாங்கள் ஒப்புதல் மறுத்த சுவர் எதுவும் அடுத்த மேலிடத்துக்குப் போய்ப் பிழைத்ததுமில்லை. அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். தங்களிடம் வேலை பார்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. உச்சி வெயிலில் அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையில் தாங்கள் திருப்தி அடையும்வரை நின்ற அனுபவம் எங்களில் ஒருவர் விடாமல் அனைவருக்கும் உண்டு.

தங்கள் முறை ஊரறிந்தது. எந்தத் திட்டம் வந்தாலும் வண்ணப் படத்தை ஒருமுறை பார்ப்பீர்கள், மடித்து வைப்பீர்கள். "படத்துல எல்லாமே அழகாத்தான் இருக்கும். தரையில போட்டுப் பாத்தாத்தான் தெரியும்" என்பீர்கள். உடனே நாங்கள் சுண்ணாம்புப் பொடி மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். கட்டப்போகும் கட்டடத்தைக் கட்டப்போகும் இடத்திலேயே, உள்ளபடியான அளவில், அறை அறையாகத் தரையில் வரைவோம். ஊரார் வந்து அதற்குள் நடந்து பார்ப்பார்கள். வட்டார நூலகத்துக்கு அப்படி வரைந்தபோதுதான், ஒருவர் நாற்காலி போட்டு அமர்ந்தால் அடுத்தவர் பின்னால் கடந்து போக வழியில்லை என்பது தெரிந்தது. தம் பகுதிக்குக் கழிப்பறை கேட்ட நகர்மன்ற உறுப்பினர் ஒருவர், தாமே ஒப்புக்கொண்ட அளவுக் கோட்டுக்குள் நின்று, திரும்ப முயன்று, முடியாமல், "சரிம்மா, புரிஞ்சுது" என்றார். ஊரார் தங்களுக்குச் 'சுண்ணாம்பம்மா' என்று பெயர் வைத்தார்கள். அது தங்கள் காதுக்கு எட்டாது என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். ஒருநாள் தொலைபேசியை எடுத்துத் தாங்களே, "ஆமா, சுண்ணாம்பம்மாதான் பேசுறேன்" என்றபோது அந்த நம்பிக்கையும் போயிற்று.

இனி, பார்க்கிங் திடல். ஊர்தி நிறுத்தத் திடல் என்று முதலில் எழுதினோம். எந்த இடம் என்று எங்களுக்கே பிடிபடவில்லை. கடைத்தெருவுக்கும் பின்தெருவுக்கும் நடுவே, ஊரின் நட்டநடுவில், வந்தவர் வந்தபடி வண்டியைச் செருகிவிட்டுப் போகும் அந்தப் பெருந்திடலை முழுவதுமாக வளைத்துப் பதினாறு மாடி எழுப்பப் பில்டர் ஒருவர் விண்ணப்பித்தார். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அவர் திரையிட்ட படத்தில் வானம் நீலமாயிருந்தது, மரங்களெல்லாம் ஒரே உயரமாயிருந்தன, வண்டி ஒன்றுகூட இல்லை. "அந்த எடம் பாதி நாள் சும்மாத்தான் கெடக்குங்க" என்றார் பில்டர். "எது சும்மா கெடக்கு? ஏற்கெனவே எடம் பத்தல. கார் நிக்க வழியில்லன்னா கடைக்கு எவன் வருவான்?" என்று எழுந்தார் வியாபாரிகள் சங்கத் தலைவர். இரவுப் பணி முடிந்து சீருடையோடு வந்திருந்த செவிலியர் ஒருவர் கடைசியில் எழுந்து, "நான் ரெண்டு பஸ் மாறி வந்து போறேன். இந்த ஊர் நடுவுல காருக்கு எடம் இருக்கு, எனக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு அமர்ந்தார். பிறகு முன்னைவிடச் சத்தமாகச் சண்டை தொடர்ந்தது.

அந்தச் சண்டையில் உரத்த குரல், பின்தெருவில் கார்களுக்குச் சீட் கவர் தைக்கும் கடைக்காரருடையது. திடலில் வண்டி நின்றால்தான் அவருக்குத் தையல் ஓடும். "எந்தங்கச்சி இருக்கா, பாத்துக்குவா" என்று அவர் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னது எங்கள் வரிசைவரை கேட்டது. அப்போதுதான் தாங்கள் எழுந்தீர்கள்.

"சீட் கவர் கடை வெச்சிருக்கிறவர் என் கூடப் பொறந்த அண்ணன். அதனால இந்த விஷயத்துல முடிவு எழுதிக் கையெழுத்துப் போடப்போறது துணை அலுவலர், நான் இல்ல. பில்டர் குடுத்த படத்த அப்படியே தரையில போட்டுக் காட்டுறது மட்டும் என் வேலை" என்றீர்கள்.

வார விடுமுறை நாளில் திடலைக் காலி செய்து, ஒரு மாடியின் வீடுகள் அத்தனையையும் கடைத்தெரு முதல் பின்தெரு வரை சுண்ணாம்பில் வரைந்து முடித்தோம். மறுநாள் வண்டிகளை உள்ளே விடாதிருக்கும்படி திடல் காவலரிடம் வரைபடப் பிரிவு சொல்லிவிடும் என்று நில அளவைப் பிரிவு நினைத்தது. நில அளவைப் பிரிவு சொல்லிவிடும் என்று வரைபடப் பிரிவு நினைத்தது. இப்படிப் பரஸ்பரம் நம்புவதில் நம் அலுவலகத்தை மிஞ்ச ஆளில்லை. விடிந்ததும் காவலர் வழக்கம்போல் கதவைத் திறந்தார். அதுவரை எந்தக் கோட்டையும் மதித்தறியாத நம்மூர் ஓட்டுநர்கள், நகராட்சி புதிதாகப் பார்க்கிங் கோடு போட்டிருக்கிறது என்று எண்ணி, அறைக்கு ஒன்றாக, அச்சுப் பிசகாமல் வண்டியை நிறுத்தத் தொடங்கினார்கள். வழக்கறிஞர் ஒருவரின் கார் படுக்கையறையில் நின்றது. சங்கத் தலைவரின் கார் சமையலறையில் மூக்கை நுழைத்திருந்தது. பில்டரின் ஓட்டுநர், முதலாளியின் காரை முதலாளியே கட்டப்போகும் லிஃப்ட் குழிக்குள் கொண்டுபோய் விட்டிருந்தார்.

நாங்கள் பதறிப்போய் வண்டிகளை விரட்டக் கிளம்பினோம். தாங்கள் வந்து பார்த்தீர்கள். திட்டு விழும் என்று நின்றோம். "விடுங்க. யாரையும் எடுக்கச் சொல்லாதீங்க. சாயங்காலம் வரைக்கும் சும்மா நின்னு பாப்போம்" என்றீர்கள்.

பார்த்தோம். வழக்கமாகத் திடல் நிரம்பி, மிச்ச வண்டிகள் தெருவில் நின்று ஹாரன் அடிக்கும் நேரம் வந்தது. ஹாரன் சத்தமே இல்லை. வந்த கார்கள் அத்தனையும் கடைத்தெருப் பக்கத்துப் பாதியிலேயே வரிசையாக அடங்கிவிட்டன. பின்தெருப் பக்கத்துப் பாதியில் வெறும் சுண்ணாம்புக் கோடுகள் மட்டும் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. சங்கத் தலைவர் வந்து இடுப்பில் கைவைத்தபடி வெகுநேரம் நின்றார். "இவ்வளவு எடமா இருக்கு இங்க?" என்று தமக்குத் தாமே கேட்டுக்கொண்டார். பாதி நாள் சும்மா கிடக்கிறது என்ற பில்டரோ, முன்பாதியில் சைக்கிள் நுழையவும் இடமின்றித் தம் காரை வெளியே எடுக்க அரைமணி நேரம் காத்திருந்தார். மாதக் கணக்கில் கத்திய இரு தரப்பும் ஒரே நாளில் வாயடைத்துப் போனதை நாங்கள் கண்ணாரக் கண்டோம். எங்கள் கவனக்குறைவைப் பெருமையோடு நினைவுகூரக் கிடைத்த ஒரே சந்தர்ப்பமும் அதுதான்.

முன்பாதி முறையாகக் கோடு போட்ட பார்க்கிங்காக இருக்கட்டும், பின்பாதியில் ஐந்து மாடிக்குள் ஊரில் வேலை பார்ப்பவர்களுக்கான வாடகை வீடுகள் எழட்டும் என்று துணை அலுவலர் எழுதினார். நகர்மன்றமும் ஏற்றது. ஆனால் அந்தப் பின்பாதிதான் தங்கள் அண்ணன் கடை வாசல்.

கையெழுத்திடும் முன் துணை அலுவலர் நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். "மேடம், அந்த மூலையில மட்டும் கோட்டக் கொஞ்சம் உள்ள தள்ளிட்டா, உங்க அண்ணன் கடைக்கு முன்னாடி நாலஞ்சு கார் நிக்கலாம். ரெண்டு வீடுதான் கொறையும்." தாங்கள் எழுந்து வெளியே போய், அவர் கையெழுத்திட்டு முடிக்கும்வரை வராந்தாவில் நின்றீர்கள். கோடு நகரவில்லை. துணை அலுவலர் இம்மடலில் தம் வாக்காக ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னார். சேர்க்கிறோம்: "அன்னிக்கு அவங்க எதிர்ல உக்காந்திருந்தா நான் தள்ளித்தான் போட்டிருப்பேன்."

மறுநாள் அண்ணன் அலுவலகத்துக்கு வந்து, எங்கள் அனைவர் முன்னிலையிலும், வாசலில் நின்றபடியே கேட்டார். "ஊருக்கெல்லாம் எடம் கண்டுபிடிச்சுக் குடுத்த. அண்ணன் கடைக்கு முன்னாடி ஒரு கார் நிக்க ஒனக்கு எடம் கெடைக்கலயா?"

"கெடைக்கலண்ணே" என்றீர்கள்.

அவர் திரும்பிப் போனார். அதன்பிறகு இந்த வாசலை அவர் மிதிக்கவில்லை. தாங்களும் அன்று மதியம் சாப்பாட்டைத் திறக்கவில்லை. நாங்கள் பார்த்தும் பாராததுபோல் இருந்தோம். சொல்லத் தெரியாமல்தான் அப்படி இருந்தோம், மனம் இல்லாமல் அல்ல.

தங்கள் நாற்காலியைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். தாங்கள் பணியில் சேர்ந்தபோது கிழிசலாகக் கிடந்த அதற்குக் கரும்பச்சை உறை தைத்துக் கொடுத்தவர் அண்ணன்தான். பதவி உயர்ந்தபோதெல்லாம் அறை மாறினீர்கள், நாற்காலியை மாற்றவில்லை. உறை நைந்து பஞ்சு வெளியே வந்த பின்னும், புது நாற்காலிக்கான உத்தரவை நாங்கள் நீட்டியபோதெல்லாம், "இன்னும் உக்கார முடியுதே" என்று திருப்பி அனுப்பினீர்கள். சிக்கனம் என்று கேலி பேசினோம். வெகு நாள் கழித்துத்தான் விஷயம் உறைத்தது.

பின்பாதியில் வீடுகள் எழுந்தன. அன்று பேசிய செவிலியர் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறார். மருத்துவமனைக்கு நடந்தே போகிறார். குடிவந்த வாரத்திலேயே பழைய சோபா ஒன்றை ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு எதிரே இருந்த கடைக்குப் போனவரும் அவர்தான். அவரைப் பார்த்து அடுத்த வீடு, அதைப் பார்த்து அதற்கடுத்த வீடு. கார் சீட்டிலிருந்து சோபாவுக்கும் மெத்தைக்கும் மாற அண்ணனுக்கு இரண்டு ஆண்டு பிடித்தது. அந்த இரண்டு ஆண்டும் அவர் வீட்டில் கஷ்டம்தான். பாராட்டு மடல் என்பதற்காக அதை மறைத்து எழுத எங்களுக்கு மனமில்லை. எழுதினாலும் தாங்கள் அடித்துவிடுவீர்கள்.

சென்ற வாரம் தாங்கள் தள ஆய்வுக்குப் போயிருந்தபோது அண்ணன் இங்கே வந்தார். "அவ உக்கார்ற நாற்காலி எது?" என்று கேட்டார். காட்டினோம். கிழிசலை விரலால் தடவிப் பார்த்தார். "நியாயம் அவ பக்கம்னு நான் இன்னும் சொல்லல. நாற்காலி கிழிஞ்சிருக்குன்னுதான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுத் தூக்கிக்கொண்டு போனார். மூன்று நாளாகத் தங்கள் அறையில் வேறு நாற்காலி இருந்ததற்கு 'கால் ஆடுது, தச்சரிடம் போயிருக்கு' என்று நாங்கள் சொன்னது பொய். அலுவலகச் சொத்தில் வெளியாள் கைவைக்க விதியுண்டா என்று தாங்கள் கேட்பீர்கள் என்பதால், துணை அலுவலரிடம் முறைப்படி அனுமதி பெற்றிருக்கிறோம். ஓய்வுபெறும் நாற்காலியாக அதைத் தங்களுடனேயே அனுப்பவும் ஆணை ஆகியிருக்கிறது.

மேடையில் இப்போது தாங்கள் அமர்ந்திருப்பது அதில்தான். வெள்ளைத் துணி போர்த்தியிருப்பதால் தெரிந்திராது. துணியை விலக்கிப் பாருங்கள். அதே கரும்பச்சை.

கோடு போடக் குனிந்த முதுகு வலியறியாதிருக்க, வெயிலில் நின்ற கண்கள் ஒளி குன்றாதிருக்க, தாங்கள் வரைந்த தெருக்களிலெல்லாம் தாங்களே நிழல் பார்த்து நின்று இளைப்பாற, பல்லாண்டு நலமோடு நடந்து திரிவீர்களாக. இனி இந்நகரில் எந்தப் படம் வந்தாலும் அதை முதலில் தரையில் போட்டுத்தான் பார்ப்போம். சுண்ணாம்பு மூட்டை எங்கள் பொறுப்பு.

கடைசியாக ஒன்று. அண்ணன் வந்திருக்கிறார். பின்னால் கதவோரம் நிற்கிறார். நாங்கள் எல்லோரும் உட்காரச் சொல்லிப் பார்த்துவிட்டோம், கேட்கவில்லை. தாங்கள் சொன்னால் உட்காருவார். மடல் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், இப்போதே எழுந்து போங்கள். நாற்காலியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்பும் அளவு நாடாவுமாய்,
நகரமைப்புப் பிரிவு ஊழியர்கள்